காஸ், எண்ணெய்ச் சட்டி, கிடுகு வேலி: நம் வீடுகளில் நடந்தவை

கல்லடியிலிருந்து:

2021 கடைசியில் இலங்கை எங்கும் காஸ் அடுப்புகள் வெடித்தபோது எங்கள் ஒழுங்கையில் பலர் விறகுக்கே திரும்பிவிட்டார்கள். பயந்ததில் பிழையில்லை. ஆனால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ரெகுலேட்டரை மூடத் தெரியுமா என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பக்கத்து வளவு மாமி விடியற்காலையில் தேநீர் வைக்க எழுந்திருக்கிறார். குசினிக்குள் கால் வைத்ததும் நாற்றம். இருட்டில் கை தானாகவே சுவிட்சுக்குப் போயிருக்கிறது. "அம்மம்மா, லைட்டைப் போடாதீர்கள்!" என்று பின்னால் நின்ற பேரன் கத்தியிருக்கிறான். பாடசாலையில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். அவனே உள்ளே போய் ரெகுலேட்டரை மூடி, பின்கதவை அகலத் திறந்துவிட்டு, அம்மம்மாவைக் கையில் பிடித்து முற்றத்துக்குக் கூட்டி வந்தான். நான் போனபோது மாமி கிணற்றடியில் உட்கார்ந்து அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே சிறு தீப்பொறி எழும். கசிந்த காஸுக்கு அதுவே போதும். காஸ் காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடுதான் படிந்து கிடக்கும். மேலே இருக்கும் சின்ன யன்னலை மட்டும் திறந்தால் வெளியேறாது. கதவைத் திறக்க வேண்டும். மாமியின் சிலிண்டரில் குழாய் பொருந்தும் இடம்தான் தளர்ந்திருந்தது. சவர்க்கார நுரையைப் பூசிப் பார்த்தோம், குமிழி குமிழியாக வந்தது. புதுச் சிலிண்டர் மாட்டும் ஒவ்வொரு முறையும் இப்படிப் பாருங்கள். நெருப்புக்குச்சி உரசிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மருதமுனையிலிருந்து:

நோன்பு நாளில், அசர் தொழுகைக்குப் பிறகு, எங்கள் வீட்டில் பொரித்துக்கொண்டிருந்த சட்டி தீப்பிடித்தது. பதறிய மச்சி தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டார். உம்மா அவர் கையைத் தட்டிவிட்டு, அடுப்பை அணைத்து, பெரிய மூடியைப் பக்கவாட்டில் நகர்த்திச் சட்டியை மூடினார். நெருப்பு அடங்கிவிட்டது. கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் அது நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை முகத்துக்கே அள்ளி வீசும். மூடியை உடனே திறந்தும் பார்க்கக் கூடாது, சட்டி நன்றாக ஆற வேண்டும். உம்மாவின் விரலில் சுட்டிருந்தது. பற்பசை பூச ஓடினார்கள், நான் விடவில்லை. ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்த பிறகுதான் வைத்தியசாலைக்குப் போனோம்.

திருக்கோவிலிலிருந்து:

கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கம் தென்னோலையில் பின்னிய கிடுகு வேலி பஞ்சுபோல் காய்ந்து கிடக்கும். யாரோ குப்பைக்கு வைத்த நெருப்பு வேலியில் தொற்றி, இரண்டு வளவு தாண்டி ஓடி வந்தது. வாளித் தண்ணீரைவிட, எரியாத பக்கத்து வேலியைக் கத்தியால் வெட்டிச் சாய்த்ததுதான் வீட்டைக் காப்பாற்றியது. கச்சான் காலத்தில் வளவுக்குள் குப்பை எரிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் இழந்து, பிறகு கந்தோர் கந்தோராக அலைந்த குடும்பங்கள் இந்தக் கரையில் ஏராளம். நெருப்போ வெள்ளமோ, தூக்கிக்கொண்டு ஓட ஒரே பை இருக்கட்டும்: தண்ணீர் புகாத உறையில் பத்திரங்கள், அம்மா அப்பாவின் மருந்துகள், டோர்ச். பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, இவற்றோடு உங்கள் ஊருக்கு வரும் தீயணைப்புப் பிரிவின் நேரடி எண்ணையும் குசினிக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இரவில் பூட்டும் கதவின் திறப்பைத் தலையணைக்கு அடியில் வைக்காமல், குழந்தைக்கும் எட்டும் உயரத்தில் கதவருகே ஆணியில் மாட்டுங்கள்.