பழைய எச்61 கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி: டேலி வேகமாகுமா?

நொய்யல்கரை (திருப்பூர்):
வணக்கமுங்க. பனியன் கம்பெனி ஆபீஸ்ல மூணு கம்ப்யூட்டர். மூணுமே எச்61 (பழைய இன்டெல் சிப்செட்) மதர்போர்டு, ரெண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) டேட்டா முதல் கம்ப்யூட்டர்ல இருக்கு, மத்த ரெண்டும் லேன் வழியா அதைத் திறக்குது. காலைல ஆன் பண்ணினா அஞ்சு நிமிஷத்துக்கு டிஸ்க் 100 சதவீதத்துலயே நிக்குது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுத்தற தட்டு இல்லாம சிப்புல சேமிக்கற டிரைவு) போடலாம்னு இருக்கோம். போர்டுல சாட்டா 2 (டிஸ்க் மாட்டற இணைப்போட பழைய, மெதுவான வகை) தான், காசு வீணாகுமா? முதல்ல எதுக்குப் போடறது? குளோன் (பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கறது) போதுமா?

காந்திபுரம் ரிப்பேர்:
வீணாகாதுங்க. எஸ்எஸ்டி பெட்டி மேல போட்டிருக்கற செகண்டுக்கு 550 எம்பி வேகம் உங்க போர்டுல வராது, 280க்குள்ள நின்னுடும். ஆனா கம்ப்யூட்டர் திணறறது அதனால இல்லை. நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்தற ஹார்ட் டிஸ்க்ல ஹெட் நகர்ந்து, தட்டு சுத்தி வர 12, 13 மில்லிசெகண்ட் ஆகும். அப்படின்னா செகண்டுக்கு 80 தடவை எடுத்தாலே அதிகம். எஸ்எஸ்டிக்கு 0.1 மில்லிசெகண்ட் போதும். பூட் ஆகறப்ப விண்டோஸ் படிக்கறதெல்லாம் பொடிப்பொடி ஃபைலுங்க, அங்கதான் வித்தியாசம் தெரியும்.

முதல் எஸ்எஸ்டி டேட்டா இருக்கற கம்ப்யூட்டருக்கே போடுங்க. மத்த ரெண்டுல மட்டும் போட்டா விண்டோஸ் சீக்கிரம் வரும், டேலில கம்பெனி கணக்கைத் திறக்கறது பழையபடிதான் இழுக்கும். கம்ப்யூட்டருங்களை இணைக்கற லேன் சுவிட்ச் 100 எம்பிபிஎஸ்னா அதையும் பாருங்க, செகண்டுக்கு 12 எம்பிக்கு மேல அதுல போகாது. ரேமையும் 8 ஆக்கிடுங்க.

பவானி கூடுதுறை:
குளோன் போதும், ஆனா வரிசை மாறக்கூடாது. டேலி டேட்டா ஃபோல்டரை முதல்ல பென் டிரைவுல எடுத்துருங்க. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கற சாஃப்ட்வேர்ல பழைய டிஸ்க்கோட ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறிச்சு வெக்கற பட்டியல்) எண் 5 (கெட்டுப்போய் மாத்தின இடங்க), 197 (சரியாப் படிக்க முடியாம நிக்கற இடங்க) ரெண்டையும் பாருங்க (ரா மதிப்பைத்தான் பார்க்கணும்). 197ல பூஜ்ஜியம் இல்லைன்னா குளோன் பாதில நிக்கலாம். அப்ப விண்டோஸைப் புதுசா ஏத்தறதே நல்லது.

240 ஜிபி, விண்டோஸ்ல 223னுதான் காட்டும். சி, டி எல்லாம் சேர்த்து 165க்குள்ள இருந்தா நிம்மதி. குளோன் முடிஞ்சதும் பழைய டிஸ்க்கைக் கழட்டிட்டுத்தான் முதல் பூட். ரெண்டும் மாட்டியிருந்தா எதுல இருந்து பூட் ஆச்சுன்னே தெரியாம பழையதுலயே வேலை ஓடிட்டிருக்கும்.

பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னால வர்ற போர்டோட செட்டிங்) சாட்டா மோட் ஐடிஇன்னு (பழைய முறை) இருந்தா ஏஎச்சிஐ (புது முறை) ஆக்கணும். நேரா மாத்தினா நீலத்திரை வரும். விண்டோஸோட எம்எஸ்கான்ஃபிக்ல (msconfig) சேஃப் பூட் டிக் போட்டு ரீஸ்டார்ட், அதே ரீஸ்டார்ட்ல பயாஸ்ல மாத்துங்க, சேஃப் மோடுல ஒருதடவை வந்ததும் டிக்கை எடுத்துருங்க.

சென்னிமலை:
எஸ்எஸ்டி தேஞ்சிடும், பேஜ் ஃபைலை (ரேம் பத்தாதப்ப விண்டோஸ் டிஸ்க்ல எழுதற ஃபைல்) நிறுத்து, எழுதறதைக் குறைன்னு பழைய அறிவுரை நிறைய சுத்துது, கேக்காதீங்க. இன்டெல் எக்ஸ்25-எம் எஸ்எஸ்டி 2008ல வந்தப்ப 80 ஜிபி 595 டாலர், அன்னிக்கு விண்டோஸ்ல டிரிம்மே (அழிச்ச ஃபைலோட இடம் காலின்னு எஸ்எஸ்டிக்குச் சொல்ற வசதி) இல்லை. 2009ல விண்டோஸ் 7 கூடத்தான் வந்தது. விண்டோஸ் 10 அதைத் தானாப் பார்த்துக்கும். மொத்தம் 80 டிபி (80,000 ஜிபி) எழுதற வரைக்கும் வாரண்டி இருக்கற டிரைவுல தினம் 20 ஜிபி எழுதினாலும் பத்து வருஷம் தாண்டும். முக்கால்வாசிக்கு மேல மட்டும் ரொப்பாதீங்க. டிரேம் (டிரைவுக்குள்ள இருக்கற வேக நினைவக சிப்) இல்லாத மலிவு டிரைவு நிறைஞ்சா எழுதற வேகம் ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழ போயிடும்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க. கரண்ட் போயி ஜெனரேட்டர் மாறற நேரத்துல எஸ்எஸ்டிக்கு ஆபத்து உண்டுங்களா? பவர் டேபிள் (தையல் மெஷின்) அதிர்வும் ஆபீஸ் வரைக்கும் வருது.

காந்திபுரம் ரிப்பேர்:
அதிர்வு எஸ்எஸ்டியை ஒண்ணும் பண்ணாது, சாட்டா கேபிளைத்தான் தளர்த்தும். ஸ்மார்ட் 199 (கேபிள்ல வர்ற பிழைகளோட எண்ணிக்கை) ஏறிட்டே போனா கேபிளை மாத்துங்க, கிளிப் வெச்சதா வாங்குங்க. கேபினட்டைத் திறக்கறப்பவே ஃபேன்ல அப்பியிருக்கற பஞ்சையும் ஊதிடுங்க.

கரண்ட் விஷயம் நிஜமாவே ஆபத்துதான். எந்த டேட்டா எங்க இருக்குங்கற கணக்கை எழுதிட்டிருக்கறப்ப கரண்ட் போனா, மலிவு டிரைவு அடுத்த தடவை பயாஸ்லயே தெரியாமப் போகலாம். ஹார்ட் டிஸ்க் மாதிரி டக்டக்னு சத்தம் போட்டு முன்கூட்டிச் சொல்லாது, ரெக்கவரியும் கஷ்டம். டேட்டா கம்ப்யூட்டருக்கு நல்ல பேட்டரியோட யுபிஎஸ் கட்டாயம். கழட்டின 500 ஜிபி டிஸ்க்ல 5, 197 ரெண்டும் பூஜ்ஜியமா இருந்தா யூஎஸ்பி கேஸ்ல போட்டு, தினம் சாயங்காலம் டேலி பேக்கப் அதுல எடுத்துட்டு வயரைக் கழட்டி வெச்சுடுங்க.