உள்ளே இருக்கிறது, திறக்கத் தனிக் காசு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மச்சான் ஸ்ரூடியோ வைத்திருக்கிறார். கல்யாண வீடியோக்கள் நிறைந்துகொண்டே போக, கொழும்பிலிருந்து பாவித்த சேர்வர் ஒன்றை எடுப்பித்தோம். நான் இருப்பது சாவகச்சேரி. வீட்டிலிருந்தே அதன் திரையைப் பார்க்கிற வசதி இருக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. அதற்கென்றே இப்படியான சேர்வர்களில் தனிச் சிப் ஒன்று உண்டு. "இருக்கு அண்ணை" என்றார்கள் கடைக்காரர்கள். இருந்ததும் உண்மைதான்.

கார்த்திகை மழையில் ஒருநாள் இரவு கரண்ட் போய் வந்தது. சேர்வர் எழும்பவில்லை. விடிந்தால் ஒரு குடும்பத்துக்கு வீடியோ கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து திரையைத் திறந்தேன். கொம்பனியின் சின்னம் வந்தது, ராம் எண்ணிக்கை ஓடியது, டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இயங்குதளம் ஏறத் தொடங்கியதும் படம் மறைந்து ஒரு பெட்டி வந்து நின்றது: இனிப் பார்க்க லைசென்ஸ் வேண்டுமாம். கைதடி, நாவற்குழி தாண்டி, தொப்பலாக நனைந்து போய்ப் பார்த்தால், டிஸ்க்கைச் சரிபார்க்கட்டுமா என்று கேட்டபடி நிற்கிறது. கீபோர்டில் ஒரே ஒரு தட்டு. எழும்பிவிட்டது.

லைசென்ஸ் விலையை விசாரித்தேன். சேர்வருக்குக் கொடுத்த காசில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் அந்த ஒரு சேர்வருக்கு மட்டும். ஒரு திருகாணிகூடப் புதிதாக வராது, ஒரு வரி எழுத்தும் எண்ணும்தான்.

இந்த வழக்கம் புதிதில்லை. 2010இல் இன்டெல், பென்டியம் ஜி6951 சிப்புக்கு 50 டொலர் அட்டை ஒன்று விற்றது. அதிலுள்ள குறியீட்டை அடித்தால், சிப்புக்குள் பூட்டிக் கிடந்த ஹைப்பர் த்ரெடிங்கும் (ஒரே நேரத்தில் கூடுதல் வேலைகளைக் கவனிக்கும் வசதி) 1 எம்பி கேஷும் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) திறக்கும். நிறையப் பேர் கோபப்பட்டார்கள், அடுத்த ஆண்டே அதை நிறுத்தினார்கள். பிறகு 2023இல் இன்டெல்லின் சீயோன் சேர்வர் சிப்புகளில் 'ஒன் டிமாண்ட்' என்ற பெயரில் அதே யோசனை திரும்பி வந்தது. முன்கூட்டியே விலை சொன்னால் எனக்குக் கோபமில்லை. "இருக்கு" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வதுதான் தாங்க முடியவில்லை.

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர்: முன்பு பழைய டிவிடிகளைப் போட்டுப் பார்க்க ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி வாங்கினேன். டிவிடிகளில் சுருக்கி வைத்திருக்கும் எம்பெக்-2 வீடியோவை விரிக்கும் திறன் சிப்பில் இருந்தும் பூட்டியிருந்தது. 2012இலிருந்து அதற்கான கீயை 2.40 பவுணுக்கு விற்றார்கள், போர்டின் தொடர் எண்ணைக் கொடுத்து வாங்க வேண்டும். காப்புரிமைக் கட்டணம், தேவைப்படுகிறவர் மட்டும் கட்டட்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அது நியாயம். என் கார்டில் வெளிநாட்டுக்குக் கட்ட முடியாமல் லண்டனில் இருக்கும் அக்காதான் கட்டினார்.

நெல்லியடியிலிருந்து இன்னொரு வாசகர்: அண்ணை, கடைசியில் லைசென்ஸ் எடுத்தீங்களா?

என் பதில்: இல்லைத் தம்பி. சேர்வரில் திரையை இணைக்கும் விஜிஏ துளையிலிருந்து ஒரு கன்வேர்ட்டர் வழியாக ராஸ்பெரி பைக்குப் படத்தை எடுத்து, பைகேவிஎம் என்ற இலவச மென்பொருளால் பார்க்கிறேன். இரண்டாவது சேர்வர் வாங்கும்போது பில்லிலேயே எழுதித் தரச் சொன்னேன்: "இயங்குதளம் ஏறிய பிறகும் திரை தெரியும், லைசென்ஸும் சேர்வர் விலைக்குள் அடக்கம்." கடைக்காரர் எங்கெங்கோ போன் எடுத்துக் கேட்டு, இரண்டாம் நாள்தான் கையெழுத்து வைத்தார்.