ஸ்கோப்பிங் ரிவியூ என்பது குறுக்குவழியா?

கேள்வி:
வணக்கம். சென்னையில் பொதுச் சுகாதாரத் துறையில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். காசநோயாளிகளை வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரின் சுமைதான் என் தலைப்பு. முதல் இயலுக்கு ஸ்கோப்பிங் ரிவியூ, அதாவது இந்தத் தலைப்பில் இதுவரை என்னென்ன ஆய்வுகள் வந்திருக்கின்றன என்று பரந்து தொகுக்கும் வேலை, செய்யுமாறு நெறியாளர் சொல்கிறார். ஆய்வுக்குழுவிலுள்ள இன்னொரு பேராசிரியரோ, சிஸ்டமேட்டிக் ரிவியூ (ஒரு குறிப்பிட்ட கேள்விக்கான ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடி எடைபோடுவது) செய்யப் பொறுமையில்லாதவர்கள் பிடிக்கும் குறுக்குவழி அது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில் 1:
உங்கள் கேள்வி சொல்வதைக் கேளுங்கள். "குடும்பத்தினருக்கு ஆலோசனை அளித்தால் அவர்களுடைய மன அழுத்தம் குறைகிறதா?" என்று கேட்டால் அது சிஸ்டமேட்டிக் ரிவியூவுக்குரியது, ஒவ்வோர் ஆய்வின் தரத்தையும் எடைபோட்டு, இயன்றால் பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸ் வரை சென்று, ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். "சுமை என்று எதையெல்லாம் குறித்திருக்கிறார்கள், எப்படி அளந்திருக்கிறார்கள், எதை யாருமே தொடவில்லை?" என்று கேட்டால் அது ஸ்கோப்பிங். ஆர்க்ஸி, ஓமேலி என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் இதற்கு ஐந்து படிநிலைகளை வகுத்தனர். ரிவியூ அறிக்கைகளை எழுதுவதற்கான ப்ரிஸ்மா என்ற வழிகாட்டிக்கு, ஸ்கோப்பிங்குக்கென்றே 2018இல் வந்த நீட்சி, அறிக்கையில் இடம்பெற வேண்டிய 20 கூறுகளையும் விருப்பத்திற்குரிய இரண்டையும் பட்டியலிடுகிறது. இத்தனைக்குப் பிறகும் குறுக்குவழி என்பவரிடம் அந்தப் பட்டியலையே நீட்டிவிடலாம். ஆனால் தர மதிப்பீடு இதில் கட்டாயமில்லை என்பதால், "இந்தச் சிகிச்சைமுறை பலனளிக்கிறது" என்று முடிவுரையில் எழுத உங்களுக்கு உரிமையில்லை.

பதில் 2:
குறுக்குவழி என்று நம்பி இறங்கி எட்டு மாதம் செலவழித்தவள் நான். தேடலில் வந்த தலைப்புகளைப் பிரிப்பது கூட எளிது. தரவுகளை அட்டவணையில் ஏற்றும்போதுதான் உயிர் போகும். என் அட்டவணையில் "சுமை" என்ற ஒரே பத்தியில், ஒரு கட்டுரைக்கு இழந்த தினக்கூலி வந்தது, இன்னொன்றுக்குக் கெட்ட தூக்கம், மூன்றாவதற்கு நோயாளியின் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்துவைப்பது. அந்தப் பத்தியை மூன்று முறை உடைத்துத் திரும்பக் கட்டினேன். ஆகவே முதலில் ஐந்தாறு கட்டுரைகளை இரண்டு பேர் தனித்தனியே நிரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஆய்வுத் திட்டத்தை, ரிவியூக்களை முன்கூட்டியே பதியும் ப்ராஸ்பெரோ தளத்தில் பதிவு செய்ய முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். ஸ்கோப்பிங் ரிவியூவை அங்கே ஏற்பதில்லை, ஆய்வுத் திட்டங்களைப் பொதுவில் பதியும் ஓஎஸ்எஃப் தளத்தில் பதியலாம்.

இன்னொன்று: "2000க்குப் பிறகு" என்று ஆண்டு வரம்பு வைக்கிறவர்கள் அதிகம். சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனையில்) தரும் சிகிச்சைக்கு வீட்டுச் சிகிச்சை ஈடாகுமா என்று 1956இல் நம் சென்னையில் தொடங்கி, 1959இல் முடிவுகள் வெளியான புகழ்பெற்ற ஆய்வு அந்த வரம்பாலேயே விடுபட்டுவிடும். நோயாளி வீட்டிலேயே இருக்கலாம் என்று காட்டிய ஆய்வை விட்டுவிட்டு, வீட்டிலிருப்பவர்களின் சுமையைப் பற்றி எழுதினால் எப்படி?

பதில் 3:
மற்ற வகைகளையும் குழுவில் கேட்பார்கள். ஏற்கெனவே வந்த ரிவியூக்களைத் தொகுப்பது அம்ப்ரெல்லா. கொள்கை முடிவுக்காகச் சில படிகளைச் சுருக்கி விரைவில் முடிப்பது ரேப்பிட். குறுக்குவழி என்று யாராவது திட்டியே ஆக வேண்டுமென்றால் அதைத் திட்டட்டும்.

கேட்டவர்:
நன்றி. ஆண்டு வரம்பை நீக்கிவிட்டேன். இரண்டாவது ஆளாக விடுதித் தோழி ஒப்புக்கொண்டிருக்கிறாள். பதிலுக்கு அவளுடைய நீரிழிவுக் கட்டுரைகளை நான் படித்துத் தர வேண்டுமாம்.