புதுப்பிப்பு: பழைய பலகைத் துண்டுகளை வெந்நீர் அடுப்பில் எரிக்கலாமா?

மன்னார்குடிப் பக்கம் பழைய மரக்கடையில் வாங்கிய துண்டுகளை வெந்நீர் அடுப்பில் எரிக்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எரிக்கக் கூடாது.

முனையை அறுத்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. முகக்கவசம் போட்டு அறுத்தேன். வெளியே வெளுத்துப் போயிருந்த பலகையில், ஓரத்தைச் சுற்றி விரற்கடை அகலத்துக்கு வெளிர் பச்சை. நடுவில் சாதாரண மர நிறம். கடைக்காரரிடம் மறுபடி போய்க் கேட்டால், ஏதோ ஆலையின் கூலிங் டவரை (சூடான நீரை ஆறவைக்கும் கோபுரம்) பிரித்தபோது வந்ததாம். அந்த மரங்கள் உளுத்துப் போகாமலிருக்க, செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தை ஏற்றுவது வழக்கம்; ஓரத்துப் பச்சை அதன் அடையாளம். எரித்தால் நஞ்சான ஆர்சனிக்கில் ஒரு பங்கு புகையோடு போகும், மீதி சாம்பலில் தங்கும்.

எதிர்பாராதது அந்தச் சாம்பல்தான். முதல் நாள் எரித்ததை அம்மா கத்தரிப் பாத்தியில் தூவ எடுத்து வைத்திருந்தார். நல்லவேளை, தூவவில்லை. உப்புச் சுவைக்காக மாடுகள் இதை நக்கும், நக்கினால் செத்தே போகலாம் என்று படித்ததும் பதறிவிட்டேன். கொல்லையில் கன்றுக்குட்டி நிற்கிறது. சாம்பலை நனைத்து, கையுறையோடு அள்ளி, இரட்டைப் பையில் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் விவரம் சொல்லித் தனியாகக் கொடுத்தேன்.

அப்புறம், பச்சை தெரியவில்லை என்பதால் நம்பிவிடாதீர்கள். பழசானால் நிறம் மங்கிவிடும். இப்போது எங்கள் அடுப்பில் தென்னை மட்டையும் கருவேல விறகும்தான்.