மறு: பழைய நவஹோ பை – மதிப்பீட்டுப் படிவச் சொற்கள் ("மடிக்கோடு"?)

> பையின் கீழ் மூலையில், சிவப்புப் பரப்பில் மெல்லிய சரிவுக் கோடு ஒன்று தெரிகிறது. ஆங்கிலத்தில் 'லேசி லைன்' என்கிறார்கள். "சோம்பல் கோடு" என்று எழுதலாமா? பையை "நவஹோ சாயல்" எனலாமா?

ஐயா, வணக்கம்.

சாயலை முதலில் முடித்துவிடுகிறேன். "பிள்ளைக்கு அப்பா சாயல்" என்றால் பிள்ளை அவருடையது என்று பொருள். இந்தப் பைக்கு அந்த உறவு உண்டா என்பதுதானே கேள்வி! பாணி என்ற சொல் உறவு கொண்டாடாது. அமெரிக்கத் தென்மேற்குப் பழங்குடியினரான நவஹோ மக்கள் நெய்தது உறுதியானால் "நவஹோ நெசவு", தோற்றம் மட்டும் என்றால் "நவஹோ பாணி". பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகக் காட்டி விற்பதை அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எனவே படிவத்தில் வழவழப்பான சொல் வேண்டாம்.

இனி கோட்டுக்கு வருவோம். "சோம்பல் கோடு" எனக்குப் பிடிக்கவில்லை. நவஹோ பெண்கள் செங்குத்துத் தறியின் முன் தரையில் அமர்ந்து நெய்வார்கள். அகலமான துணியில் ஒவ்வொரு ஊடைக்கும் (குறுக்கே ஓடும் நூல்) இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நகராமல், கைக்கெட்டும் பகுதியை மட்டும் கொஞ்ச உயரம் நெய்துகொள்வார்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஊடையை ஒரு பாவு இழை (நெடுக்கு நூல்) முன்னதாகவே திருப்புவதால் விளிம்பு படிப்படியாகச் சரியும். பிறகு நகர்ந்து அமர்ந்து பக்கத்துப் பகுதியை அதையொட்டி நிரப்புவார்கள். இரண்டு பகுதி ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளாததால் அந்தச் சரிவு நெடுக ஊசிக்கண் போன்ற இடைவெளிகள் நிற்கும். உங்கள் கண்ணில் பட்ட கோடு இதுவாக இருக்கலாம். இதில் சோம்பல் எங்கே இருக்கிறது?

"சாய்வுக் கோடு" என்றால் வடிவத்திலேயே உள்ள சாய்ந்த கோடுகளோடு குழம்பும். "திருப்பக் கோடு" பொருளில் சரிதான், ஆனால் உப்புச்சப்பில்லை. என் பரிந்துரை மடிக்கோடு. ஊடை மடிந்து திரும்பும் கோடு. மடி என்றால் துணி என்றும் பொருள். குறளில் "மடியின்மை" அதிகாரம் சொல்வதுபோல மடி சோம்பலும்தான். மூலச்சொல்லின் கேலி தெரிந்தவருக்கு மட்டும் தெரியும், நெய்தவரைக் குத்தாது. (மடி ஆசாரம் நினைவுக்கு வருகிறது என்று யாராவது எழுதுவீர்கள். தெரியும்.)

> மடிக்கோடு என்றால் பையை மடித்து வைத்த தடம் என்று நினைப்பார்களே?

நேற்று இதே உரையாடலில் வந்த இந்த மறுப்பு வலுவானது. பொருளின் நிலையைக் குறிக்கும் கட்டத்தில் மடிப்புத் தடமும் எழுத வேண்டிவரும். அதை "மடிப்புத் தழும்பு" என்று பிரித்துவிடலாம் என நினைக்கிறேன். முழுத் திருப்தி எனக்கே இல்லை.

சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டக் காரணம் உண்டு. நியூ மெக்ஸிகோவின் சிமாயோவில் ஸ்பானிய வழி நெசவுக் குடும்பங்கள் மிதிதறியில் கம்பளித் துணி நெய்கின்றன. 1930, 40களில் சுற்றுலாப் பயணிகளுக்காக இந்த மாதிரிப் பைகள் அங்கிருந்து ஏராளமாக வந்தன. "நவஹோ" என்று கைமாறும் பழைய பைகளில் பல அந்த ஊர்ச் சரக்கு. மிதிதறியில் துணியின் பின்னணிப் பரப்பை நெய்யும்போது நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகும் கட்டை) ஒரு கரையிலிருந்து மறுகரை வரை போய்த் திரும்பும், ஆகவே மடிக்கோடு விழ வேலையில்லை. கரையைப் பார்த்துச் சொல்லலாம் என்றால் நவஹோ துணிக்கு நான்கு பக்கமும் வெட்டாத கரை உண்டுதான், ஆனால் பையில் அது தையலுக்குள்ளும் உள்துணிக்குள்ளும் போய்விடும். நடுப்பரப்பில் எஞ்சும் ஒரு சாட்சி இந்தக் கோடு. அதுவும் ஒருபக்கச் சாட்சி: இருந்தால் நவஹோ தறிப் பக்கம் வலுவாகச் சாயலாம், இல்லையென்றால் ஒன்றும் சொல்ல முடியாது. சிறிய துண்டுகளிலும் பிற்கால நெசவிலும் அது இல்லாததே மிகுதி.

இன்னொரு வகையும் உண்டு. கிழிந்த நவஹோ கம்பளத்தை வெட்டிப் பை தைப்பார்கள். துணி அவர்களுடையது, பை வேறொருவர் கைவேலை. உங்களுடையது அதுவானால் நான் மேலே சொன்ன இரண்டு பெயருமே பொருந்தாது. "நவஹோ நெசவுத் துணியில் தைத்த பை" என்று நீட்டி எழுத வேண்டியதுதான்.

உள்துணியின் தையலை இரண்டு அங்குலம் பிரித்து, பின்னாலிருந்து கைவிளக்கு அடித்துப் பாருங்கள். சரிவு நெடுக வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்தால் படம் அனுப்புங்கள். தொடர்ச்சியாக வந்தால் அது வெறும் கிழிசலாக இருக்கலாம்.