தொப்பை குறையணும், பலம் குறையக் கூடாது: பொங்கலுக்குள் கல்லைத் தூக்க முடியுமா?

முட்டளவு எழுதியது:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். வயது 26, உயரம் 172 செ.மீ. வேலை வண்ணார்பேட்டையில், ஜிம் பாளையங்கோட்டையில், சொந்த ஊர் வள்ளியூர் பக்கம். போன பொங்கலுக்கு ஊரில் இளவட்டக்கல்லை (பலத்தைக் காட்ட இளவட்டங்கள் தூக்குகிற உருண்டைக் கல்) தூக்கப் போய், முட்டு வரைக்கும் வந்த கல்லை அப்படியே நழுவவிட்டேன். அத்தை வீட்டு ஆட்கள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள், அதற்கு மேல் சொல்ல வேண்டாம். என் பெயரைப் பார்த்தாலே புரிந்திருக்கும். அடுத்த வாரமே ஜிம்மில் சேர்ந்துவிட்டேன்.

அப்போது எடை 68, இடுப்பு 31 அங்குலம். ஏழு மாதம் கழித்து இப்போது எடை 81, தொப்புளைச் சுற்றி அளந்தால் 36½. ஸ்குவாட் (எடை மாட்டிய இரும்புப் பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 50 கிலோவில் ஆரம்பித்து 110 வரை வந்தது, டெட்லிஃப்ட் (பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) 140. ஆனால் இரண்டு மாதமாக ஸ்குவாட் 110-ஐ விட்டு நகரவில்லை, தொப்பை மட்டும் நிற்காமல் வளர்கிறது. ஜிம் மாஸ்டரிடம் கேட்டால் "சாப்பிட்டால்தான் பலம், தொப்பையை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். மச்சான் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எத்தனையாவது மாதம் என்று கேட்கிறான்.

சாப்பாடு: காலையில் 10 இட்லி, பொடி. மதியம் இரண்டு தடவை சோறு, சாம்பார், பொரியல், ஒரு முட்டை. சாயங்காலம் பாலில் இரண்டு வாழைப்பழமும் மாஸ் கெய்னரும் (எடை ஏற்றுகிற பவுடர்) அடித்துக் குடிப்பேன், கூடவே கடலை மிட்டாய். ராத்திரி தோசை, இல்லையென்றால் நாலு பரோட்டா சால்னா. ஞாயிற்றுக்கிழமை கோழி.

போன மாதம் பயந்துபோய் பத்து நாள் ராத்திரி வெள்ளரிக்காயும் மோரும் மட்டும் சாப்பிட்டேன், காலையில் மூன்று இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். 3 கிலோ இறங்கியது. ஆனால் ஸ்குவாட் 95-க்குப் போய்விட்டது, ஒரு நாள் பாருக்கு அடியிலேயே கண் இருட்டியது. பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் நாலே நாளில் அந்த 3 கிலோவும் திரும்பிவிட்டது. இப்போது என்ன செய்வது, இளைக்கவா இப்படியே சாப்பிடவா? பொங்கலுக்கு இன்னும் இருபது வாரம் இருக்கிறது.

---

பொடிதோசை எழுதியது:

தம்பி, உங்கள் பட்டியலில் இட்லி இருக்கிறது, பொடி இருக்கிறது, எண்ணெயைக் காணோமே. பத்து இட்லிக்குப் பொடியில் குழி பறித்து எத்தனை தடவை நல்லெண்ணெய் ஊற்றுகிறீர்கள்? நானும் நம்ம ஊர்க்காரன்தான், எனக்கும் அந்தக் குழி தெரியும், எண்ணெய் கரை தாண்டாமல் நாம் நிறுத்துவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. மூன்று கரண்டி என்றால் 360.

இப்போது உங்கள் கணக்கு. ஏழு மாதம், அதாவது சுமார் 30 வாரத்தில் 13 கிலோ ஏறியிருக்கிறது, வாரத்துக்கு 430 கிராம். ஒரு கிலோ கொழுப்புக்குக் கிட்டத்தட்ட 7700 கலோரி. ஏறிய 13-ம் கொழுப்பு இல்லை, சதையும் தண்ணீரும் சேர்ந்ததுதான், ஆனாலும் தோராயமாகப் பார்த்தால் தினமும் 450, 500 கலோரி உடம்பு கேட்காமலே உள்ளே போயிருக்கிறது. அதில் முக்கால் பங்கு அந்தப் பொடிக் குழியிலேயே இருக்கிறது. மாஸ்டர் சொல்வது பாதி சரி, சாப்பிடாமல் பலம் வராது. ஆனால் உடம்பு மாதத்துக்கு இவ்வளவுதான் சதை கட்டும் என்று ஒரு அளவு வைத்திருக்கிறது, அதற்கு மேல் கொட்டினால் இடுப்பில்தான் போய் உட்காரும். புதிதாகச் சேர்ந்த ஆளுக்கு மாதம் ஒரு கிலோ ஏறினாலே தாராளம், நீங்கள் கிட்டத்தட்ட இரண்டு கிலோ ஏற்றியிருக்கிறீர்கள்.

புரதத்தைக் கூட்டிப் பார்த்தேன், நீங்கள் எழுதியதை வைத்து 90 கிராமைத் தாண்டாது. கனமாக எடை தூக்குகிற ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம் வரை வேண்டும், உங்களுக்குக் குறைந்தது 130-ஐ ஒட்டியாவது வர வேண்டும். மாஸ் கெய்னரை நிறுத்துங்கள், டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால் தெரியும், முக்கால்வாசி மாவுச் சர்க்கரை. கடலை மிட்டாயைப் புரதம் என்று நினைத்துத்தானே தின்கிறீர்கள்? வறுத்த நிலக்கடலை 100 கிராமில் புரதம் 25 கிராம் இருப்பது உண்மைதான், ஆனால் அதோடு 560-க்கு மேல் கலோரியும் வருகிறது, மிட்டாயில் பாகு வேறு.

அதற்குப் பதிலாக நாலு முட்டை (24 கிராம்), அரை லிட்டர் பால் அல்லது தயிர் (16), மீல்மேக்கர் காய்ந்த எடையில் 50 கிராம் (26), மதியம் 200 கிராம் சாளை மீன், அதாவது மத்தி (40). சாளை நம் பக்கம் மலிவு, உவரியிலிருந்து வருகிற நாளில் கேட்கவே வேண்டாம். இட்லி, சோறு, பருப்பிலிருந்து எப்படியும் 20 வந்துவிடும். சாளையைப் பொரிக்காதீர்கள், குழம்பு வையுங்கள்.

அந்த 3 கிலோ விஷயம் வேறு. சோற்றையும் இட்லியையும் திடீரென்று குறைத்தால் சதையில் சேர்த்து வைத்திருக்கிற சர்க்கரை தீரும். அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதுவும் சேர்ந்து போய்விடும். எடை மிஷினில் இறங்கியது பெரும்பாலும் அதுதான், ஸ்குவாட் விழுந்ததற்கும் அதுதான் காரணம். நாலு நாளில் திரும்பி வந்ததும் அதே தண்ணீர்தான்.

---

ஆத்தங்கரை எழுதியது:

கலோரியாம், கிராமாம். எங்க தாத்தா பழைய சோறும் சின்ன வெங்காயமும் தின்று எண்பது வயது வரை மண்வெட்டி பிடித்தார். மிஷினையும் டேப்பையும் தூக்கி எறிந்துவிட்டு ஒழுங்காக வேலை செய்யச் சொல்லுங்கள்.

---

பொடிதோசை எழுதியது:

அண்ணாச்சி, தாத்தா காலையிலிருந்து சாயங்காலம் வரை வெட்டினார். தம்பி மூன்று நாள் ஒரு மணி நேரம் தூக்கிவிட்டு மீதி நேரம் ஏசியில் உட்கார்ந்திருக்கிறார். தாத்தா சாப்பாட்டைக் கேட்டால் தாத்தா வேலையையும் செய்ய வேண்டும் அல்லவா?

---

57கிலோ எழுதியது:

நான் பவர்லிஃப்டிங் (எடை தூக்கும் போட்டி) போகிறேன், மாநில அளவில் இரண்டு தடவை இறங்கியிருக்கிறேன். தம்பிக்கு என் கதையைச் சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது எடை 62. 57 கிலோ பிரிவில் இறங்கினால் பதக்கம் நிச்சயம் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஐந்து வாரத்தில் 5 கிலோ இறக்கினேன். ஒரு வேளை ஓட்ஸ், ஒரு வேளை இரண்டு முட்டை, மீதி நேரம் தண்ணீர். பவர்லிஃப்டிங்கில் எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான், அதற்குள் எதைச் சாப்பிட்டாலும் சதைக்குப் போய்ச் சேராது. மேடையில் ஏறியபோது கை குளிர்ந்து கிடந்தது, ஜிம்மில் தினமும் தூக்குகிற எடை பத்து கிலோ கூடின மாதிரி இருந்தது. முதல் ஸ்குவாட்டே சிவப்பு விளக்கு, செல்லாது என்றுவிட்டார்கள். அது போனால் போகட்டும், அதற்கப்புறம் நாலு மாதம் எனக்கு மாதவிடாய் வரவில்லை. டாக்டரிடம் போனபோதுதான், உடம்புக்குத் தேவையான சாப்பாடு கிடைக்காவிட்டால் முதலில் அதை நிறுத்திக்கொள்ளும், அப்படியே நீடித்தால் எலும்பும் பலவீனமாகும் என்று விளக்கினார். பெண் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், எடை இறங்குகிறது என்ற சந்தோஷத்தில் இதை மறைக்காதீர்கள். பிறகு நான் 63 கிலோ பிரிவுக்கே போய்விட்டேன், தூக்குகிற மொத்த எடையும் கூடிவிட்டது. பெயரை மட்டும் மாற்றவில்லை, ஞாபகத்துக்காக.

ஆகவே தம்பி, இளைப்பது தப்பில்லை, ஆனால் மெதுவாக. வாரத்துக்கு உடல் எடையில் அரை சதவீதம், உங்களுக்கு 400 கிராம். தினமும் 400, 450 கலோரி குறைத்தால் போதும். பத்து வாரத்தில் 77-க்கு வந்துவிடுவீர்கள். மீதி பத்து வாரம் எடையைப் பிடித்து வைத்துக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டுத் தூக்குங்கள். பசியோடு கல்லுக்குப் போகாதீர்கள்.

ஜிம்மில் பலர் செய்கிற தப்பு, இளைக்கிற காலத்தில் லேசான எடையை எடுத்துக்கொண்டு இருபது, முப்பது தடவை தூக்குவது. அது உடம்புக்கு என்ன சொல்கிறது? பெரிய எடை இனி வராது, இவ்வளவு சதை எதற்கு என்று. பாரில் எடையைக் குறைக்காதீர்கள், செட்டை, அதாவது எத்தனை சுற்று தூக்குகிறீர்கள் என்பதைக் குறையுங்கள். ஐந்து செட் போட்ட இடத்தில் மூன்று போடுங்கள், பாரில் அதே எடை இருக்கட்டும். அது இறங்காமல் நின்றாலே ஜெயித்த மாதிரி. ஓட வேண்டாம், சாயங்காலம் வ.உ.சி. மைதானத்தில் நாற்பது நிமிடம் நடங்கள், மூட்டும் நோகாது, ஸ்குவாட்டையும் கெடுக்காது. பயிற்சிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் நாலு இட்லி சாப்பிடுங்கள், கண் இருட்டியது சாப்பாடு போதாமல் போனதால் இருக்கலாம். மறுபடி அப்படி வந்தால் அன்றைக்குப் பாரைத் தொடாதீர்கள்.

அப்புறம் ஜிம்மில் கைப்பிடி வைத்த கொழுப்பு மிஷின் இருக்குமே, அதை நம்பாதீர்கள். உடம்பில் லேசான மின்சாரம் விட்டு, அது எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்துப் போடுகிற கணக்கு அது, தண்ணீர் குடித்ததற்கும் வியர்த்ததற்கும் ஏற்ப மாறும். ஒரே நாளில் காலையில் எனக்குக் கொழுப்பு 27 சதவீதம், சாயங்காலம் 24. மூன்று ரூபாய்க்கா, முப்பது ரூபாய்க்கா தெரியவில்லை, ஒரு தையல் டேப் வாங்குங்கள். காலையில் கழிவறை போய்விட்டு வந்து தொப்புள் மட்டத்தில் அளந்து எழுதி வையுங்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள், நீங்கள் 92-ஐத் தாண்டிவிட்டீர்கள். வீட்டில் சர்க்கரை நோய் இருந்தால் ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பழையகல் எழுதியது:

சாப்பாட்டைப் பற்றி அந்தத் தங்கச்சியும் தம்பியும் சொல்லிவிட்டார்கள், எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். 1990-களில் எங்கள் ஊர்க் கல்லை நாலு பொங்கலுக்குத் தோளில் ஏற்றிப் பின்னால் போட்டவன், இப்போது முதுகுக்கு பெல்ட் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கிறேன்.

பாரில் 140 தூக்குகிறவன் 90 கிலோ கல்லிடம் தோற்பான். பாருக்குப் பிடி உண்டு, கல்லுக்கு இல்லை. தலைமுறை தலைமுறையாக ஆட்கள் நெஞ்சில் உரசி உரசி அது முட்டை மாதிரி வழுக்கும். குத்தவைத்து உட்கார்ந்து, விரலை அடியில் நுழைத்து, அணைத்து முட்டுக்கு ஏற்ற வேண்டும். அங்கே நிறுத்தாமல் உட்கார்ந்த வாக்கிலேயே மடியில் வாங்கிக்கொள்ள வேண்டும். மடியில் கல் இருக்கும்போது ஒரு மூச்சு விடலாம், அந்த இடம்தான் முக்கியம். நீ முட்டில் வைத்துக்கொண்டே நிமிரப் பார்த்திருப்பாய், அதனால்தான் நழுவியது. மடியிலிருந்து கையை மேலே மாற்றி, இடுப்பை முன்னால் தள்ளினால் நெஞ்சுக்கு ஏறும்.

தொப்பை அங்கேதான் குறுக்கே நிற்கும். கல் உடம்போடு ஒட்டியிருந்தால் பாரம் காலில் இறங்கும், வயிறு மூன்று விரல் முன்னால் வந்தால் கல்லும் மூன்று விரல் தள்ளிப் போகும், அந்த மூன்று விரலையும் உன் முதுகுதான் தாங்க வேண்டும். அதற்காக ஒரேயடியாக மெலிந்து போகாதே, கல்லை எதிர்த்து நிற்க உடம்பில் கனமும் வேண்டும். தங்கச்சி சொன்ன 77 சரியாகத்தான் படுகிறது.

சாக்கில் 50 கிலோ மணலைக் கட்டிக்கொள். வாரம் ஒரு நாள் அதை மடிக்கும் தோளுக்கும் ஏற்று. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை 5 கிலோ சேர். மணல் மூட்டை நெளியும், அதுவே கைக்கு வேலை. வடலிவிளையில் பொங்கலுக்குப் பெண்கள்கூடத் தூக்குகிறார்கள், ஒரு தடவை போய் அவர்கள் மடியில் எப்படி வாங்குகிறார்கள் என்று பார்.

---

முட்டளவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை அம்மாவுக்குத் தெரியாமல் பொடிக்கு ஊற்றுகிற எண்ணெயைக் கரண்டியால் அளந்தேன், நாலு கரண்டி, பொடிதோசை அண்ணன் சொன்னதை விட ஒன்று கூட. இனி ஒரு கரண்டிதான், மீதிப் பொடியைத் தயிரில் குழைத்துப் பார்த்தேன், மோசமில்லை. மாஸ் கெய்னர் டப்பாவை மச்சானுக்கே கொடுத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். அடுத்த மாதம் சித்தி மகள் கல்யாணம், மறுநாள் மறுவீட்டு விருந்தில் சொதி (தேங்காய்ப்பால் குழம்பு). அதை என்ன செய்ய?

---

57கிலோ எழுதியது:

சொதியைச் சாப்பிடாமல் வந்தால் சித்தி சும்மா விடுவார்களா? இஞ்சிப் பச்சடியோடு நன்றாகச் சாப்பிடுங்கள், அதற்கு அடுத்த நாள் ஸ்குவாட்டை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளைக்கு எடை மிஷினில் மட்டும் ஏறாதீர்கள்.

---

பழையகல் எழுதியது:

கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறாய் அல்லவா, அப்படியே கல்லையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு வா. மழைக்கு முன்னால் தோண்டி எடுத்து வைக்கவில்லையென்றால் பாதி மண்ணில் புதைந்துவிடும்.