கேஸ் கசிவில் நேரில் மாட்டியவர்கள், மனதைவிட்டுப் போகாத அந்த ஒரு நிமிடத்தைச் சொல்லுங்கள்

நைட்ஷிப்ட்

நானே ஆரம்பிக்கிறேன். பதினோரு வருடம் ஆகிவிட்டது, இன்னும் கனவில் வருகிறது. சவர் வாட்டர் பம்ப், அதாவது எச்.டூ.எஸ். (ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு) கரைந்த கழிவுநீரைத் தள்ளுகிற பம்ப், சீல் லேசாக ஒழுகுகிறது, கேஸ் இருக்கும் என்று தெரிந்தேதான் போனோம், நானும் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணனும். விடியற்காலை மூன்றரை. காற்று என்பதே இல்லை, காற்றின் திசை காட்டும் துணிக்குழாய், விண்ட் சாக், கம்பத்தோடு ஒட்டித் தொங்குகிறது. கிட்டே போகும்போது அழுகின முட்டை நாற்றம் குடலைப் புரட்டியது. அண்ணன் குனிந்து சக்‌ஷன் வால்வைத் திருகிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "நின்னுடுச்சு பாரு, நாத்தமே இல்ல" என்று சிரித்தார்.

எனக்கும் நாற்றம் இல்லை. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அவர் சட்டைப்பையில் மாட்டியிருந்த டிடெக்டர் சிவப்பாக மின்னிக்கொண்டிருக்கிறது, திரையில் 118 பி.பி.எம்., அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 118 பங்கு. பம்ப் இரைச்சலில் அதன் கீச்சுச் சத்தம் யாருக்குக் கேட்கும்? அந்த எண்ணையும் அவர் சிரிப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதை நம்புவது என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம்தான் காலரைப் பிடித்து இழுத்தேன், அவர் "ஏய், என்னடா" என்று திட்டிக்கொண்டே வந்தார். பைப் ரேக்கைத் தாண்டியதும் வாந்தி எடுத்தார். இரண்டு பேருக்கும் இரண்டு நாள் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் எரிச்சல். அவ்வளவுதான், வேறொன்றும் ஆகவில்லை.

100 பி.பி.எம். வாக்கில் மூக்கு மரத்துப்போகும் என்று பயிற்சியில் எழுதிப் பரீட்சையில் மார்க்கும் வாங்கியவன் நான்.

குளிர்க்கூடம்

அமோனியா கம்ப்ரசர் ரூமில் ஆறு வருடம் இருந்தவன். "அமோனியா காற்றைவிட லேசு, மேலே போய்விடும்" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயுவாக வந்தால் சரி, போகும். திரவமாகக் கொட்டினால்? மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கிற சரக்கு அது. காற்றில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு வெள்ளைப் போர்வையாகத் தரையோடு தரையாக ஊர்ந்து வரும். எங்களுக்கு ஒரு வடிகால் வால்வு போனது. நான் வாசலில் நிற்கிறேன், முழங்கால்வரை புகைமூட்டம், என் ஷூ எனக்கே தெரியவில்லை. அதற்குள் ஒருவர் ஹோஸை எடுத்துத் தேங்கிக் கிடந்த திரவத்தின் மேலேயே நேராகப் பாய்ச்சிவிட்டார். உலையில் தண்ணீர் தெளித்ததுபோல் புஸ்ஸென்று கிளம்பியது பாருங்கள், முழங்காலில் இருந்தது கழுத்துக்கு வந்துவிட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை, சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தேன். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது மறந்துவிட்டது. தினமும் இருபது தடவை திறக்கிற கதவு சார் அது.

சேஃப்டி வாத்தியார்

முதல் பதிவர் மேல் கோபம்தான் வருகிறது, மன்னிக்கவும். சீல் ஒழுகுகிறது, காற்று இல்லை, எச்.டூ.எஸ். என்று தெரியும், அப்படியும் பி.ஏ. செட் (முதுகில் மாட்டும் காற்றுச் சிலிண்டரும் முகமூடியும்) இல்லாமல் இரண்டு பேர் ஒன்றாகப் போயிருக்கிறீர்கள். இரண்டு பேரும் விழுந்திருந்தால்? என் அனுபவம் சின்னது: ஒரு மாக் டிரில்லில் நிஜமாகவே கேஸ் வந்துவிட்டது, பாதிப் பேர் டிரில் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். சரி, அது இருக்கட்டும். படிக்கிறவர்களுக்காகச் சில விஷயம் சொல்கிறேன். டிடெக்டரை ஷிப்டுக்கு முன் டெஸ்ட் கேஸ் காட்டி ஒரு தடவை அலற வைத்துப் பாருங்கள், பச்சை விளக்கு எரிகிறது என்பதற்காக சென்சார் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. எரியும் கேஸைக் காட்டுகிற எல்.இ.எல். சென்சாருக்கு சிலிகோன் ஸ்ப்ரே பட்டாலே போதும், அது செத்துவிடும், செத்ததை உங்களிடம் சொல்லாது. கேஸ் ரொம்ப அதிகமாக இருந்து ஆக்சிஜன் குறைந்துவிட்டால் அதே சென்சார் குறைவாகக் காட்டும், முள் ஏறிவிட்டுச் சட்டென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், ஓடுங்கள். ஓடுவது என்றால் காற்றோடு ஓடக்கூடாது, முதலில் குறுக்கே, அப்புறம் காற்றை எதிர்த்து. பள்ளம், டிரெஞ்ச், கேபிள் டக்ட் பக்கம் இறங்கவே கூடாது, எச்.டூ.எஸ். காற்றைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் கனம், அங்கேதான் போய்ப் படுக்கும். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து போடுகிற அந்த ஆரஞ்சுப் புத்தகத்தை (எமர்ஜென்சி ரெஸ்பான்ஸ் கைட்புக்) வண்டியில் வையுங்கள். யு.என். 1053 (எச்.டூ.எஸ்.-இன் எண்) என்று பலகையில் பார்த்தால் 117-ஆம் வழிகாட்டி, எடுத்தவுடன் எல்லாப் பக்கமும் குறைந்தது 100 மீட்டர் ஆட்களை விலக்க வேண்டும், டேங்கர் தீயில் மாட்டியிருந்தால் 1600 மீட்டர். ஃபில்டர் மாஸ்க்கை நம்பி அடர்த்தி தெரியாத இடத்துக்குப் போவது தற்கொலை, அது ஆக்சிஜனைக் கொடுக்காது. பி.ஏ. செட்டில் 45 நிமிடம் என்று எழுதியிருக்கும், பதற்றத்தில் மூச்சு வாங்கினால் அதில் பாதிகூட வராது. காற்று தீரப்போகிறது என்று அது விசில் அடித்த பிறகு கிளம்பலாம் என்று இருக்காதீர்கள், உள்ளே போக ஆன காற்றைவிட அதிகம் வெளியே வர வேண்டும் என்று கணக்கு வையுங்கள். இன்னும் டீகன்டாமினேஷன் (உடம்பில், உடையில் பட்டதைக் கழுவி நீக்குவது) பற்றி எழுத நிறைய இருக்கிறது, தனியாக எழுதுகிறேன்.

நைட்ஷிப்ட்

வாத்தியாரே, நீங்கள் சொன்னது எல்லாம் சரி. அன்றைக்கு எங்களுக்கும் எல்லாம் தெரியும் என்பதைத்தான் எழுதியிருக்கிறேன். பி.ஏ. செட் நாற்பது அடி தள்ளி ஷெட்டில் தொங்கியது. நாற்பது அடி.

ஹோஸ் பிடித்தவன்

நான் தீயணைப்பில் இருந்தவன். எல்.பி.ஜி. டேங்கர் கவிழ்ந்து ஃபிட்டிங் உடைந்து அதில் தீ. எங்கள் ஆபீசர் வந்தவுடன் சொன்னது ஒன்றே ஒன்று: "எரியட்டும். டேங்கை நனை, தீயைத் தொடாதே." கேஸை நிறுத்த வழியில்லாமல் தீயை மட்டும் அணைத்தால் கேஸ் எரியாமல் பரவித் தேங்கி, பிறகு மொத்தமாகப் பற்றிக்கொள்ளும், துறையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உதவிக்கு வந்த வேறொரு குழுவில் ஒரு பையன், நல்ல பையன்தான், பவுடர் அடித்துத் தீயை அணைத்துவிட்டான். கைதட்டல் வேறு. தீயின் இரைச்சல் நின்றதும் ஊரே அடங்கினதுபோல் ஓர் அமைதி, அந்த அமைதிக்குள் ஸ்ஸ்ஸ் என்ற சத்தம் மட்டும் நிற்கவில்லை. தரையோடு வெள்ளையாக ஒன்று எங்கள் வண்டியை நோக்கி நகர்ந்து வருகிறது.

அப்புறம் நடந்ததுதான் என் விஷயம். வண்டியின் டீசல் எஞ்சின் தானாக ரேஸ் ஆக ஆரம்பித்தது. யாரும் ஆக்சிலரேட்டரை மிதிக்கவில்லை. டிரைவர் சாவியைத் திருப்பி எடுத்து, கையை உயர்த்தி எனக்குக் காட்டுகிறார், சாவி அவர் விரலில் ஆடுகிறது, எஞ்சின் இன்னும் அலறுகிறது. அது டீசலைக் குடிக்கவில்லை, காற்றோடு வந்த கேஸைக் குடித்து ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் பயம்கூட இல்லை, நம்ப முடியாத ஒரு பார்வை. பக்கத்தில் இருந்த கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை ஏர் இன்டேக்கில் யாரோ அடித்தார்கள், அது இருமிவிட்டு நின்றது. பற்றிக்கொள்ளவில்லை. ஏன் பற்றவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சேறும் எண்ணெயும்

டீசல் விஷயம் பொய்யில்லை. 2005 மார்ச்சில் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் செத்தார்களே, அங்கே அந்த ஆவியைப் பற்ற வைத்தது பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு டீசல் பிக்கப் வண்டிதான் என்று விசாரணையில் வந்தது.

ஆனால் "தீயைத் தொடாதே" என்பதோடு நிற்கக்கூடாது, சில இடத்தில் நாமே கொளுத்த வேண்டும். டிரில்லிங் ரிக்கில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். 2003 டிசம்பரில் சீனாவின் கைஷியான் பகுதியில் எச்.டூ.எஸ். அதிகமுள்ள எரிவாயுக் கிணறு வெடித்துப் பீறிட்டது, 243 பேர் செத்தார்கள், பெரும்பாலும் சுற்றியிருந்த கிராமத்து ஜனங்கள். கேஸைக் கொளுத்தியது மறுநாள்தான். எனக்கு ஒரே ஒரு தடவை ஃபிளேர் கன் (கேஸைக் கொளுத்தத் தீச்சுடர் சுடும் துப்பாக்கி) கையில் கொடுத்து நிற்க வைத்தார்கள். உத்தரவு வருவதற்குள் கிணற்றை அடைத்துவிட்டார்கள், நான் சுடவில்லை. இருபது நிமிடம் விசையில் விரல் வைத்தபடி நின்றது, விரல் நிமிராமல் போய்விட்டது, இன்னொருவர் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் துப்பாக்கியை வாங்கினார்.

குளிர்க்கூடம்

கொளுத்துவதா? எரிந்தால் சல்ஃபர் டை ஆக்சைடு வருமே, அது என்ன பன்னீரா? சும்மா வீரம் பேசக் கூடாது.

சேறும் எண்ணெயும்

பன்னீர் இல்லை நண்பரே, விஷம்தான். ஆனால் சூட்டோடு மேலே போய்க் கலைகிறது, கொஞ்சம் பட்டாலே தொண்டையைக் கிழித்து ஆளை ஓட வைக்கிறது. எச்.டூ.எஸ். தூங்குகிறவனைத் தூக்கத்திலேயே முடித்துவிடும். அந்த ஊரில் எத்தனை பேர் படுக்கையிலேயே போனார்கள் என்று படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

வார்டு நர்ஸ்

நீங்கள் எல்லோரும் கேஸ் இருக்கும் இடத்தில் நின்றவர்கள், நான் அது வந்து சேரும் இடத்தில். அவசரப் பிரிவில் இரவு டியூட்டி. "வேலை செய்யும்போது சரிந்துவிட்டார், ஹார்ட் அட்டாக் போல" என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பத்து நிமிடத்தில் இன்னொருவர், முதல் ஆளைத் தூக்கப் போனவராம், அவருக்கும் அதே. சட்டையைக் கத்தரித்தபோது முதல் ஆள் பையிலிருந்து சில்லறை கொட்டியது. எல்லாம் கறுப்பு. விரலில் இருந்த வெள்ளி மோதிரமும் கறுப்பு. டாக்டர் ஒரு நாணயத்தை எடுத்து விளக்கில் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அங்கே இன்னும் யார் இருக்காங்க?"

கொண்டுவந்தவரிடம் ஓடினேன். எச்.டூ.எஸ். பட்டால் வெள்ளி கறுக்கும், டாக்டருக்கு அதில்தான் புரிந்திருக்கிறது. கழிவுநீர்த் தொட்டி என்று அவர் அப்போதுதான் வாயைத் திறந்தார், மூன்றாவது ஆள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கத் தயாராக இருக்கிறாராம். ஈரத்துணி! அவருடைய போனை வாங்கி நானே பேசினேன், பேசவில்லை, கத்தினேன். இறங்கவில்லை. இரண்டாவது ஆளும் பிழைத்துக்கொண்டார். முதலில் வந்தவர் இல்லை.

இதில் எனக்கு நிற்பது வேறு. மறுநாள் அவர் மனைவியிடம் அந்தச் சில்லறையையும் மோதிரத்தையும் கவரில் போட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு காசை எடுத்துப் புடவைத் தலைப்பில் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. "இது அவரோடது இல்லீங்க" என்று திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டார்.

சேஃப்டி வாத்தியார்

இடங்குறுகிய தொட்டி, குழிகளில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986-லேயே எழுதிவிட்டது. ஈரத்துணி பற்றி விரிவாகச் சொல்ல வேண்டுமானால்...

ஹோஸ் பிடித்தவன்

வாத்தியாரே, இன்றைக்கு வேண்டாம்.

நைட்ஷிப்ட்

நர்ஸ் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் ஓடவில்லை. அண்ணன் போன மாதம் ரிடையர் ஆனார். விழாவில் மைக்கைப் பிடித்து, நான் அவர் சட்டையைக் கிழித்த கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். இறங்கி வந்ததும் அந்த 118-ஐ நினைவுபடுத்தினேன். "மெஷின் தப்பா காட்டியிருக்கும்டா, அன்னைக்கு நாத்தமே இல்லையே" என்றார்.